44 பேர் இருந்தும் கைவிட்டுப் போன நாற்காலி: நெல்லை மேயர் பதவி, ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஜனவரி 12. திருநெல்வேலி மாநகராட்சி மேயர் பி.எம்.சரவணன் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் குறித்த நாள். எஸ்.என்.ஹைரோட்டில் இருக்கும் மாநகராட்சி அலுவலகத்தில் கூட்டரங்கு தயாராக இருந்தது. மொத்தம் 55 கவுன்சிலர்கள். ஒருவர்கூட வரவில்லை. தீர்மானம் கொண்டு வாருங்கள் என்று கையெழுத்துப் போட்டு மனு கொடுத்த 38 பேரும் வரவில்லை. தீர்மானம் விழுந்தது, மேயர் தப்பினார்.

ஆறு மாதம் முழுசாக ஆகவில்லை. ஜூலை 3-ம் தேதி அவரே ராஜினாமா கடிதம் கொடுத்தார்.

இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் நடந்ததை வெறும் கோஷ்டிச் சண்டை என்று சொல்லிவிட்டுப் போகலாம், பலரும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு ஊரின் முதல் குடிமகன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர், ஊருக்கா, கட்சிக்கா, கவுன்சிலருக்கா என்ற கேள்வி முப்பது வருஷமாகவே இந்த நாற்காலியில் முடிச்சுப்போட்டுக் கிடக்கிறது. 2022 முதல் 2024 வரை அந்த முடிச்சு இறுகியதை ஊரே பார்த்தது.

நாற்காலியின் கதை

நெல்லையும் பாளையங்கோட்டையும் 1866-லேயே நகராட்சிகளான ஊர்கள். நடுவில் தாமிரபரணி ஓடுகிறது. தாசில்தார் சுலோச்சன முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டி, 1843-ல் திறந்த பாலம்தான் இரண்டையும் ஒட்டவைத்தது. ஆனாலும் நிர்வாகம் தனித்தனியாகத்தான் நடந்தது. 1994-ல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் சுற்றியிருந்த சில ஊராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். இன்றைக்கும் நான்கு மண்டலங்களின் பெயரும் அதுதான். டவுன்காரருக்குப் பாளையங்கோட்டை வேறு ஊர், மேலப்பாளையத்துக்காரருக்கு இரண்டுமே வேறு ஊர். இந்த நாலு ஊருக்கும் சேர்த்து ஒரே மேயர் என்பதே அப்போது புதுசு.

1996-ல் நடந்த முதல் தேர்தலில் மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டு, திமுகவின் உமா மகேஸ்வரியை மேயராக்கினார்கள். நெல்லையின் முதல் மேயர் ஒரு பெண். ஐந்து வருஷத்தையும் அவர் முழுசாக முடித்தார். அதற்கப்புறம் 2011-ல் சங்கரன்கோவில் தனித்தொகுதியில் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றார். 2019 ஜூலை 23 அன்று தன் வீட்டிலேயே கணவரோடும் வீட்டில் வேலை பார்த்த பெண்ணோடும் சேர்த்துக் கொல்லப்பட்டார். அந்தச் சாயங்காலம் ஊர் உறைந்துபோனதை நெல்லைக்காரர் யாரும் மறக்கவில்லை. அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் முதலில் அந்தக் கொலைதான் பேச்சில் வருகிறது. முன்மாதிரியே இல்லாத ஒரு பதவியில் ஒரு பெண் ஐந்து வருஷம் உட்கார்ந்து நடத்திக் காட்டியது பின்னால் தள்ளப்பட்டுவிட்டது. அது எனக்கு வருத்தம்.

2001-ல் அதிமுகவின் ஜெயராணி வந்தார். 2006-ல் சட்டம் மாறியது. மக்கள் கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்பார்கள், கவுன்சிலர்கள் மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்றானது. இதுதான் மறைமுகத் தேர்தல். அந்த முறையில் வந்தவர் திமுகவின் ஏ.எல்.சுப்பிரமணியன். 2011-ல் மறுபடி நேரடித் தேர்தல், அதிமுகவின் விஜிலா சத்யானந்த் ஜெயித்தார். 2014-ல் அவர் மாநிலங்களவைக்குப் போக, மேயர் பதவியை விட்டார்.

அப்போது வந்த இடைத்தேர்தலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சட்டப்படி அது நேரடித் தேர்தல். திமுக ஒதுங்கிக்கொண்டது. பாஜக வேட்பாளர் மனுவை வாபஸ் வாங்கியதோடு அதிமுகவிலேயே சேர்ந்துவிட்டார். அதிமுகவின் புவனேஸ்வரி போட்டியின்றி மேயரானார். கோயம்புத்தூரில் மக்கள் வரிசையில் நின்று மேயருக்கு ஓட்டுப்போட்டார்கள். நெல்லையில் யாருக்கும் அந்த வேலை வைக்கவில்லை. நேரடித் தேர்தல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த 2014-ஐத்தான்.

2016-ல் சட்டம் மறுபடி மறைமுகத் தேர்தலுக்கு மாறியது. அந்த வருஷம் அக்டோபரில் நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2018-ல் நேரடித் தேர்தல் என்றார்கள், 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறைமுகம் என்றார்கள். இதற்கிடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் நெல்லைக்கு மேயரும் கிடையாது, கவுன்சிலரும் கிடையாது. தெருவிளக்கு எரியாவிட்டால் யாரைக் கேட்பது என்றே தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் நெல்லை சேர்ந்தது 2017-ல். ஜங்ஷன் பெரியார் பஸ் நிலையத்தை இடித்தது 2018-ல். ஊரின் முகத்தையே மாற்றும் அந்த முடிவுகள் எல்லாமே, மக்கள் தேர்ந்தெடுத்த மாமன்றம் என்று ஒன்று இல்லாத காலத்தில் எடுத்தவை. 2022-ல் வந்த கவுன்சிலர்கள் தங்கள் கையெழுத்தே இல்லாத வேலைகளுக்குத் தெருவில் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

2022: எல்லாம் கூடிவந்த நேரம்

2022 பிப்ரவரி 19-ல் ஓட்டுப்பதிவு. முடிவு வந்தபோது 55 வார்டில் திமுகவுக்கு மட்டும் 44. கூட்டணிக் கட்சிகளுக்கு 7. அதிமுகவுக்கு 4. எதிர்க்கட்சி என்று சொல்லிக்கொள்ளவே ஆள் இல்லாத மாமன்றம். மார்ச் 4-ம் தேதி 16-வது வார்டு திமுக கவுன்சிலர் பி.எம்.சரவணன் போட்டியின்றி மேயரானார், கே.ஆர்.ராஜு துணை மேயரானார். சிவப்பு அங்கி, கழுத்தில் சங்கிலி, கையில் செங்கோல். கோட்டையிலும் அதே கட்சி, மாநகராட்சியிலும் அதே கட்சி. இதைவிட வசதியான தொடக்கம் நெல்லையில் எந்த மேயருக்கும் அமைந்ததில்லை.

பிரச்சினையும் அங்கேதான் தொடங்கியது என்பது என் கணிப்பு. எதிரில் எதிர்க்கட்சி இருந்தால் ஆளுங்கட்சிக் கவுன்சிலர்கள் ஒட்டி நிற்பார்கள், பல்லைக் கடித்துக்கொண்டாவது நிற்பார்கள். இங்கே எதிர்ப் பக்கம் காலியாக இருந்ததால், அந்த இடத்தை நிரப்பியது அதே கட்சி.

சரவணனை மேயராகக் கொண்டுவந்தது அப்போதைய மாவட்டச் செயலாளரும் பாளையங்கோட்டை எம்.எல்.ஏ.வுமான அப்துல் வகாப்தான் என்பது ஊரறிந்த சேதி. கொஞ்ச நாளிலேயே இருவருக்கும் ஒத்துவரவில்லை என்பதும் அப்படியே. பெரும்பாலான கவுன்சிலர்கள் மாவட்டச் செயலாளர் பக்கம். 2023 மே மாதம் கட்சித் தலைமை அவரிடமிருந்து மாவட்டப் பொறுப்பை எடுத்து, முன்னாள் அமைச்சர் டி.பி.எம்.மைதீன்கானிடம் கொடுத்தது. அதோடு அடங்கும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். மாவட்டச் செயலாளர்தான் மாறினார், கவுன்சிலர்கள் மாறவில்லையே. மேயருக்கு எதிராக உட்கார்ந்தவர்கள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

கவுன்சிலர்கள் வெளியில் சொன்ன குறை: வார்டு வேலைகளைக் கேட்டால் நடப்பதில்லை, மேயர் கலந்து பேசுவதில்லை. இது எவ்வளவு உண்மை என்று இங்கே தீர்ப்பு சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்று புரிய வேண்டும் என்றால், ஒரு கவுன்சிலர் வீட்டு வாசலில் காலை ஆறரை மணிக்கு நின்று பார்க்க வேண்டும்.

நான் நின்றிருக்கிறேன். டவுன் பக்கம் ஒரு வார்டு. கவுன்சிலர் பல்கூடத் தேய்க்கவில்லை, வாசலில் ஏழெட்டுப் பேர். முதலில் நின்ற அம்மா பிளாஸ்டிக் குடத்தைக் கையிலேயே வைத்திருந்தார்.

“அண்ணாச்சி, தண்ணி வந்து ஆறு நாளாச்சு. நேத்து வரும்னிய.”

“மோட்டார் ரிப்பேர்க்கா. என்ஜினீயர் ஏ.இ.கிட்ட சொல்லியிருக்கேன்.”

“ஏ.இ.யா எங்கிட்ட ஓட்டுக் கேட்டு வந்தாரு? நீங்கதானே வந்திய.”

அந்தக் கவுன்சிலர் பதில் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, குழாயைப் பார்க்க அந்த அம்மா பின்னாலேயே நடந்தார். அவருக்கு அன்றைக்கு மாத மதிப்பூதியம்கூடக் கிடையாது. கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, மேயருக்கு 30,000 என்று அரசு கொடுக்கத் தொடங்கியதே 2023-ல்தான். 2022 ஏப்ரலில் சொத்துவரி ஏறியபோதும் வசவு வாங்கியது இவர்கள்தான். வரியை ஏற்றிய உத்தரவு சென்னையிலிருந்து வந்தது, வாங்கிக்கட்டிக்கொண்டது வாசலில் நின்ற அண்ணாச்சி.

இந்த ஆள் மாநகராட்சிக்குப் போனால் என்ன செய்ய முடியும்? கோப்பு நகர்வது ஆணையாளர் கையில். ஆணையாளர் அரசு அனுப்பிய அதிகாரி. மாமன்றக் கூட்டத்தில் எந்தப் பொருள் எப்போது வரும் என்பது மேயர் கையில். மேயருக்கு நேரடியாக ஒரு என்ஜினீயரை மாற்றும் அதிகாரம்கூட இல்லை. ஆனால் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவர் அவர், தீர்மானம் அவர் மூலமாகத்தான் நிறைவேற வேண்டும். அதனால் கவுன்சிலரின் கோபம் ஆணையாளர் மேல் பாயாமல் மேயர் மேல்தான் பாயும். ஆணையாளரை அவர்களால் மாற்ற முடியாது. மேயரை மாற்றலாம் என்று சட்டம் சொல்கிறது.

மாற்றலாம் என்று சொன்னாலும் சட்டம் அதைச் சுலபமாக வைக்கவில்லை. மேயரை நீக்க ஐந்தில் நாலு பங்கு ஆதரவு வேண்டும். 55-ல் அது சரியாக 44. கையெழுத்துப் போட்டது 38. ஆறு பேர் குறை.

வெள்ளம் வந்த மாசம்

38 பேரும் மனு கொடுத்தது 2023 டிசம்பரில். அதே டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் பெய்த மழையை இந்தத் தலைமுறை பார்த்ததில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நெல்லைக்காரர்கள் வெள்ளத்தை அடிக்கணக்கில் பேசுவதில்லை, ஆற்றுக்குள்ளேயே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலை வைத்துத்தான் பேசுவார்கள். மண்டபம் வரை, கூரை வரை என்று. அன்றைக்குக் கோபுரம்தான் தெரிந்தது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் தண்ணீரில் நின்றது. ஜங்ஷன், மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை எல்லாம் ஆறாகிப் போயின.

அப்போது தெருவில் நின்றது யார்? தூய்மைப் பணியாளர்கள் நின்றார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் படகோடும் சோற்றுப் பொட்டலத்தோடும் வந்தார்கள். கவுன்சிலர்கள் பலரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனால் மேயரும் மாமன்றமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, எந்த வார்டுக்கு மோட்டார், எந்தத் தெருவுக்கு முதலில் சேறு அள்ளும் வண்டி என்று முடிவெடுக்கும் நிலைமையில் ஊர் இல்லை. மேயர் தன் நாற்காலியைக் காப்பாற்ற வேண்டிய மாதத்தில் ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். சேறு காய்ந்து தூசியாகப் பறந்துகொண்டிருந்த ஜனவரியில் மாநகராட்சி பற்றி ஊரில் பேச்சு என்னவாக இருந்தது? 44 பேர் சேருவார்களா, மாட்டார்களா என்பதுதான்.

கடைசியில் கட்சி மேலிடம் சொன்னது, யாரும் போகவில்லை. தீர்மானம் தோற்றது. மேயர் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, இல்லை என்றும் ஒருவரும் சொல்லவில்லை. அதே வருஷம் ஜூலை 29 அன்று காஞ்சிபுரத்திலும் அப்படியே நடந்தது. மேயர் மகாலட்சுமிக்கு எதிரான தீர்மானத்துக்குக் கவுன்சிலர்கள் யாரும் வராமல் அவர் தப்பினார். சட்டத்தில் எழுதிய வழி ஒன்று, நடைமுறையில் எடுத்த வழி வேறொன்று.

ஓட்டெடுப்பு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேயர் தன் தரப்பைச் சபையில் சொல்லியிருப்பார். கவுன்சிலர்கள் தங்கள் குற்றச்சாட்டைக் கணக்கோடு வைத்திருக்க வேண்டும். டிவியில் ஊர் பார்த்திருக்கும். தோற்றாலும் ஜெயித்தாலும் அது குறிப்பேட்டில் ஏறியிருக்கும். அதில் எதுவும் நடக்கவில்லை. பாராளுமன்றத் தேர்தல் முடிகிற வரை பேச்சு அடங்கியது. ஜூன் 4-ல் முடிவு வந்தது, ஜூலை 3-ல் ராஜினாமா வந்தது. அன்றைக்கே கோயம்புத்தூர் மேயர் கல்பனாவும் விலகினார். இரண்டு மாநகரங்களின் மேயர்கள் ஒரே நாளில் இறங்குகிறார்கள் என்றால் முடிவு எங்கே எடுத்திருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

2006-ல் ஏன் இப்படி ஆகவில்லை?

அன்றைக்கும் மறைமுகத் தேர்தல்தான், அன்றைக்கும் திமுகதான். மாநிலத்திலும் அதே கட்சி ஆட்சி. ஆனால் ஏ.எல்.சுப்பிரமணியன் 2011 வரை நாற்காலியில் இருந்தார். ஆகவே தேர்தல் முறை மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

வித்தியாசம் ஆளிடம் இருக்கிறது. சுப்பிரமணியன் மேயராகும் முன்பே 1989-லும் 1996-லும் திருநெல்வேலித் தொகுதி எம்.எல்.ஏ. ஆனவர். அவர் மகன் ஏ.எல்.எஸ்.லட்சுமணனும் பின்னால் 2016-ல் அதே தொகுதியில் ஜெயித்தார். கட்சிக்குள் சொந்தக்காலில் நின்றவர் அவர். இன்னொருவர் தூக்கிவிட்டு மேலே வந்தவர் இல்லை. கவுன்சிலருக்கு அவர் மேல் கோபம் இருந்தாலும் அதை வெளியே காட்ட யோசிக்க வேண்டியிருக்கும். சரவணனுக்கு அந்த அடித்தளம் இல்லை. ஒருவர் கை கொடுத்து ஏற்றினார், அந்தக் கை விலகியபோது பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டிருந்தால், ‘என்னை இந்த ஊர் தேர்ந்தெடுத்தது’ என்றாவது சொல்லியிருக்கலாம். அதுவும் கிடையாது.

இதைச் சொல்லும்போது, அப்படியானால் பழைய பெரும்புள்ளிகளும் அவர்கள் பிள்ளைகளும்தான் மேயராக முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் எனக்கு நேரடித் தேர்தல் பிடிக்கிறது, 2014-ஐத் தெரிந்துகொண்டே பிடிக்கிறது. வார்டில் வேலை பார்த்தே மேலே வருகிற ஒரு சாதாரண ஆளுக்கு ஊர் கொடுக்கும் ஓட்டைவிடப் பெரிய பிடிமானம் வேறில்லை.

ஆகஸ்ட் 5

துணை மேயர் ராஜு பொறுப்பைப் பார்க்க, ஒரு மாதம் கழித்துப் புது மேயருக்கான தேர்தல். அமைச்சர்கள் கே.என்.நேருவும் தங்கம் தென்னரசுவும் நெல்லைக்கே வந்து கவுன்சிலர்களை உட்காரவைத்துப் பேசினார்கள். வேட்பாளர் 25-வது வார்டு கவுன்சிலர் ராமகிருஷ்ணன். ஊருக்குள் அவரைக் கிட்டு என்றால்தான் தெரியும். சைக்கிளில் வார்டைச் சுற்றுகிற மனிதர். பெரும்பாலும் பழைய மாதிரி போட்டியின்றி முடியும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அன்று காலையில் அதே கட்சிக் கவுன்சிலர் பவுல்ராஜும் மனு கொடுத்தார். ஓட்டெடுப்பு நடந்தது. 55 பேரில் 54 பேர் ஓட்டுப்போட்டார்கள். கிட்டுவுக்கு 30. பவுல்ராஜுக்கு 23. ஒன்று செல்லாதது.

இந்த 23-ஐ அவமானம் என்று கட்சிக்காரர்கள் பேசினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இரண்டரை வருஷத்தில் முதல் தடவையாக நெல்லை மாமன்றத்தில் மேயர் நாற்காலியைப் பற்றி உறுப்பினர்கள் தங்கள் மனதில் இருந்ததை ஓட்டாகப் போட்டார்கள். ஜனவரியில் காலியாக இருந்த கூட்டரங்கு அன்றைக்கு நிரம்பியிருந்தது. ஜனவரி 12-ல் நடக்க வேண்டியது ஆகஸ்ட் 5-ல் நடந்தது. 30 ஓட்டு வாங்கிய மேயருக்குத் தன் பலம் எவ்வளவு, யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்பதாவது கணக்காகத் தெரியும். 2022-ல் போட்டியே இல்லாமல் வந்தவருக்கு அது தெரியாமல் போனது.

புது மேயர் முன்னால் இருந்த வேலைகள் பழைய வேலைகளேதான். ராமையன்பட்டி குப்பைக்கிடங்கு, முடியாத பாதாளச் சாக்கடை, தாமிரபரணியில் கலக்கும் கழிவுநீர். 2024 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் பி.புகழேந்தியும் நெல்லைக்கே வந்து, சாக்கடை ஆற்றில் விழும் இடங்களைக் கரையில் நின்று பார்த்தார்கள். மாமன்றம் நின்று பார்த்திருக்க வேண்டிய இடங்கள் அவை.

அந்தக் குடத்து அம்மாவைப் போன மாதம் டவுன் ரதவீதியில் பார்த்தேன். மேயர் மாறினது தெரியுமா என்று கேட்டேன். “கிட்டு அண்ணாச்சிதானே? சைக்கிள்ல போவாவ” என்றார். தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டதற்கு, மூன்று நாளைக்கு ஒருமுறை என்றார். முன்பு ஆறு நாள். இது மேயர் மாறியதாலா, மோட்டார் மாறியதாலா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.